மேனேஜர் பதில்கள்: கொரோனாக் காலத்துக் காசு யாருக்குப் போச்சுங்க?

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2020 ஊரடங்கில் பெண்களின் ஜன்தன் கணக்கில் (வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த கணக்கு) நிவாரணமாக வந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் கேள்வி கேட்கவில்லை, சண்டைக்கே வந்திருக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். நகைக் கடன், வீட்டுக் கடன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் படித்தவன் அல்ல. கொரோனாவின் இரண்டு வருசமும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சென்னிமலையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டிலும் கைத்தறி, பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலும் கைத்தறி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வருமானம். 2020-இல் அக்காவுக்கு மூன்று மாதமும் ஐந்நூறு ஐந்நூறாக வந்தது. எனக்கு ஒரு பைசா வரவில்லை. என் கணக்கு 2011-இல் மகளிர் குழுவுக்காகத் தொடங்கியது. நான் என்ன தப்புப் பண்ணினேன்?

பதில்: ஒரு தப்பும் பண்ணவில்லை அம்மிணி. அக்காவுக்கு முந்தியே நீங்கள் கணக்குத் தொடங்கிவிட்டீர்கள், அதுதான் விஷயம்.

2020 மார்ச் 26-ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய மறுநாள், மத்திய அரசு 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தது. அதில் ஒன்றுதான் பெண்களின் ஜன்தன் கணக்கில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு மாதம் 500 ரூபாய். நாடு முழுக்கச் சுமார் 20 கோடிப் பெண்களுக்குப் போனது. ஜன்தன் திட்டம் வந்தது 2014 ஆகஸ்ட்டில். அதில் தொடங்கிய கணக்குக்குக் கணினியில் ஒரு அடையாளம் இருக்கும். பணம் அந்த அடையாளத்தைப் பார்த்துப் போனதே தவிர, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துப் போகவில்லை. உங்களுடையது சாதாரண சேமிப்புக் கணக்கு. அக்கா 2014-க்குப் பிறகு ஏதோ முகாமில் விண்ணப்பம் கொடுத்திருப்பார். அந்த ஒரு தாள்தான் 1,500 ரூபாய்.

பணம் எடுக்கக் கூட்டம் சேரக் கூடாது என்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். 0, 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3. 2, 3 என்றால் 4-ஆம் தேதி. 4, 5 என்றால் 7. 6, 7 என்றால் 8. 8, 9 என்றால் 9-ஆம் தேதி. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அதே கணக்கு. விவசாயிகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லத்தான் தொண்டை வற்றிப்போனது.

எங்கள் கிளை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். காலை ஏழு மணிக்கே எல்லா வட்டமும் நிரம்பிவிடும். வட்டத்துக்குள் ஆள் இருக்காது, செருப்பு இருக்கும், ஒயர் கூடை இருக்கும், ஒரு வட்டத்தில் ஒரு தூக்குப்போசி மட்டும் இருந்தது. ஆட்களெல்லாம் எதிரே வேப்பமரத்தடியில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்!

முதல் நாளே, 3-ஆம் தேதி, ஒரு பெரியம்மா பாஸ்புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பஸ் இல்லை, நான்கு கிலோமீட்டர் நடை. எண் 7-இல் முடிந்தது. கணக்கில் 38 ரூபாய் இருந்தது. எட்டாம் தேதி வாங்க என்றேன். "அப்ப எட்டாந்தேதி வரைக்கும் எதைத் திங்கறதுங்க சாமி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தகவல் கேட்பது போலத்தான் கேட்டார். என் பாக்கெட்டிலிருந்து ஐந்நூறு எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் தேதி மறுபடி நடந்து வந்தார். கவுண்டரில் எடுத்த ஐந்நூறை அப்படியே என் மேசைக்குக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "வாங்கலைன்னா மே மாசம் நான் எப்படிங்க இந்தப் படியேறுவேன்?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பல்லடத்திலிருந்து ஒரு விசைத்தறி உரிமையாளர்: 2020-இல் உங்களைப் போல ஒரு மேனேஜர் போன் பண்ணி, "கவர்மெண்ட் குடுக்குதுங்க, அடமானம் வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். போட்டேன். நான்கு வருசம் கட்டி முடித்துவிட்டேன். அது உதவியா, கடனா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பதில்: கடன்தானுங்க. போன் பண்ணிய மேனேஜருக்கும் மேலிருந்து தினமும் போன் வந்திருக்கும், எனக்கு வந்தது போல.

மே 12 இரவு பிரதமர் 20 லட்சம் கோடிக்கு நிவாரணத் திட்டம் என்றார். மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விவரம் சொல்லத் தொடங்கினார். சிறு, குறுந்தொழிலுக்கு 3 லட்சம் கோடி. டிவியில் அவர் பேசி முடிப்பதற்குள் எனக்கு வந்த முதல் போன்: "எங்க கணக்குல எப்பங்க ஏறும்?" அந்த 3 லட்சம் கோடி பணம் இல்லை, ஜாமீன். வங்கி தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கும். வாங்கியவர் கட்டாவிட்டால் அரசின் உத்தரவாத நிறுவனம் வங்கிக்குக் கொடுக்கும். குடை பிடித்தது எங்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

கணக்கு எப்படி என்றால், 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி பொழுது சாயும்போது உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம். 25 லட்சம் பாக்கி என்றால் 5 லட்சம். வங்கியில் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் வருசம் வட்டி மட்டும், மாதம் சுமார் 3,850 ரூபாய். அடுத்த 36 மாதம் அசலும் வட்டியுமாகச் சுமார் 15,960. அந்த நேரத்தில் பாவு நூலுக்குப் பணம் கட்ட முடியாமல் வாரத் தண்டலுக்குப் போகவிருந்தவர்களை இது காப்பாற்றியது. அதை நான் மறுக்க மாட்டேன். என் கிளையிலேயே பார்த்தேன்.

ஆனால் ஒன்று இன்னமும் உறுத்துகிறது. என் வாடிக்கையாளர் ஒருவர், 12 தறி வைத்திருந்தவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் முன் கடனை அடைத்துவிட வேண்டும் என்று வேண்டுதல். மனைவியின் சங்கிலியை விற்று, ஜனவரிக் கடைசியில் முழுக் கடனையும் கட்டி, பத்திரத்தை வாங்கி, என் மேசையிலேயே வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மே மாதம் வந்தார். பிப்ரவரி 29-ஆம் தேதி அவர் பாக்கி பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு என்று அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப கட்டாம இருந்திருந்தா குடுத்திருப்பீங்களாங்க?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? புதுக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கினேன். அதற்கு அடமானம், ஆய்வு, ஒப்புதல் என்று ஆடி மாதம் ஆகிவிட்டது. அதற்குள் நாலு தறி எடைக்குப் போய்விட்டது.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: 2020 நவம்பரில் என் 10 லட்ச ரூபாய்க் கடன் கணக்கில் எண்ணூற்றுச் சொச்சம் வரவு வந்தது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை.

பதில்: அரசு போட்டது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி அனுமதித்ததல்லவா, அந்த மாதங்களில் வட்டிக்கு வட்டி போட்டதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2 கோடி வரையிலான கடன்களுக்கு மட்டும். 10 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் ஆறு மாத வித்தியாசம் சுமார் 850 ரூபாய்தான் வரும். ஒழுங்காகத் தவணை கட்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். வாங்காதே என்று சொல்ல ஒன்றுமில்லை, மறந்துவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து, ஓவர்லாக் டெய்லர்: ஊரடங்கில் பி.எஃப். பணத்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். எடுத்தது தப்பு என்று என் மச்சினர் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

பதில்: மச்சினர் அப்போது அரிசி மூட்டை இறக்கினாரா என்று கேளுங்கள். இருப்பில் 75 சதவீதம், அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இதில் எது குறைவோ அதை எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது அன்றைய விதி. 12,000 சம்பளம், 60,000 இருப்பு என்றால் 36,000 கிடைத்திருக்கும். 2021 இரண்டாம் அலையில் இன்னொரு தடவையும் அனுமதித்தார்கள். எடுத்தது தப்பே இல்லை. உங்கள் பணத்தை உங்களிடமே கொடுத்துவிட்டு அதையும் நிவாரணக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள், என் வருத்தமெல்லாம் அதில்தான்.

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வேலைக்கு வராதவர்களின் சம்பளத்தையே அரசு கொடுத்ததாகப் படித்தேன். இங்கே ஏன் செய்யவில்லை? பணம் இல்லையா, மனம் இல்லையா?

பதில்: தம்பி, இரண்டையும் பற்றி மேடையில் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாவது ஒன்று உண்டு. அரசிடம் நோட்டு இல்லை. ரூபாய் நோட்டைச் சொல்லவில்லை, யார் எங்கே எவ்வளவு வாங்குகிறார் என்ற சம்பள நோட்டு.

நீங்கள் படித்தது சரி. பிரிட்டனில் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை அரசு கொடுத்தது. ஜெர்மனியில் குறைந்துபோன சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. அங்கே யார் எந்தக் கம்பெனியில் எவ்வளவு வாங்குகிறார் என்பது வரித் துறையிடம் மாதாமாதம் பதிவாகிறது. பொத்தானைத் தட்டினால் பணம் போகும்.

இப்போது திருப்பூருக்கு வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். சூப்பர்வைசரின் நோட்டில் பெயர், நேரே ஷிப்ட் கணக்கு: திங்கள் ஒன்றரை, செவ்வாய் ஒன்றரை, புதன் ஒன்று. வாரம் முடிந்ததும் பெருக்கி, முன்பணம் கழித்து, கவரில் போட்டுக் கொடுப்பார்கள். ஆர்டர் இருக்கிற கம்பெனிக்கு ஆள் மாறிப் போய்விடுவார். பவர் டேபிளில் தைக்கிற டெய்லருக்குப் பீஸ் ரேட். இந்த நோட்டு டெல்லிக்குத் தெரியுமா? சென்னைக்குத் தெரியுமா? பக்கத்துத் தெருவில் இருந்த எனக்கே தெரியாது.

அரசின் நோட்டில் இருந்தவர்களுக்கு இங்கேயும் ஏதோ செய்தார்கள். 100 பேர் வரை வேலை செய்து, அதில் 90 சதவீதம் பேர் 15,000-க்குக் கீழ் வாங்கும் நிறுவனங்களுக்கு, தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் சேர்ந்த 24 சதவீத பி.எஃப்.-ஐ அரசே கட்டியது. 12,000 சம்பளத்துக்கு 2,880 ரூபாய். ஆனால் அந்த மாதம் சம்பளம் கொடுத்துக் கணக்குக் காட்டினால்தானே பி.எஃப்.? ஏப்ரலில் பூட்டிக் கிடந்த கம்பெனி எதைக் காட்டும்? இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருந்து வேலை போனவருக்கு 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி என்று உயர்த்தினார்கள். முன்பு கால்வாசிதான். நல்ல திட்டம். ஆனால் அதற்கும் இரண்டு வருசம் பதிவில் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் தோட்டம் காங்கேயம் பக்கம் கடைமடையில் இருக்கிறது. அணையில் நூறடித் தண்ணீர் நின்றாலும் எங்கள் வயலுக்குக் கொப்பு வாய்க்கால் தூர்ந்திருந்தால் சொட்டு வராது. அதுபோல, தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் தூர்ந்துபோகாமல் இருந்த ஒரே வாய்க்கால் ரேஷன் கார்டு. அதனால்தான் 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021-இல் மே, ஜூன் இரண்டு தவணையில் 4,000 ரூபாயும், 14 மளிகைச் சாமான் பையும், 2 கோடிக்கும் அதிகமான கார்டுகளுக்கு டோக்கன் போட்டுச் சேர்ந்தது. 2021 ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் எல்லாம் பூட்டித்தான் கிடந்தன. அந்த இரண்டாயிரத்தின் அருமை நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அந்த வாய்க்காலும் ஒடிசா, பீகார் பையன்களுக்கு எட்டவில்லை. அவர்கள் கார்டு ஊரில் இருந்தது, அவர்கள் இங்கே இருந்தார்கள். எந்த மாநிலக் கார்டுக்கும் எங்கேயும் அரிசி என்ற ஏற்பாட்டில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர் 1-ஆம் தேதி. மே மாதமே அவர்கள் சிறப்பு ரயிலேறிவிட்டார்கள். ஜூன் 20-இல் மத்திய அரசு, பீகார், ஒடிசா உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 116 மாவட்டங்களில் ஊர் திரும்பியவர்களுக்கு 125 நாள் வேலை என்று திட்டம் தொடங்கியது. அங்கே அவர்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தபோது இங்கே ஆர்டர் திரும்பி வந்து, ஆள் இல்லாமல், கம்பெனிகள் பஸ் அனுப்பி அழைத்து வந்தன.

கோவை, பீளமேட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை: நிவாரணம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் அரசு புதிய வேலை ஏதாவது உருவாக்கியதா, அல்லது அறிவிப்பு மட்டும்தானா?

பதில்: உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அது நடந்ததுங்க டீச்சர். அவிநாசி ரோட்டில் விமான நிலையம் போகும் வழியில் இருக்கும் சிட்ரா, தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். டாக்டர்கள் போடும் முழுக்கவச உடையின் துணியை அங்கேதான் சோதித்தார்கள். செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் செலுத்துவார்கள். மறுபக்கம் கசிந்தால் தோல்வி. கொரோனாவுக்கு முன் நம் நாட்டில் அந்த உடை தைத்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். மே மாத நடுவில் நாள் ஒன்றுக்கு லட்சக் கணக்கில் தைத்தார்கள். அரசு வாங்குகிறேன் என்றது, சோதனைக்கு இடம் கொடுத்தது, சான்று எண் கொடுத்தது. வேலை தானாக வந்தது.

நான் அப்போது என் வாடிக்கையாளர் ஒருவரின் கம்பெனிக்கு ஆய்வுக்குப் போனேன். பனியன் தைத்த இடத்தில் வெள்ளையும் நீலமுமாக மழைக்கோட்டு மாதிரித் துணி மலைபோல் குவிந்திருந்தது. ஊசி குத்திய ஓட்டை வழியாகக் கிருமி போகாமல் இருக்கத் தையல் மேல் டேப் ஒட்ட வேண்டும். சூடான காற்றை ஊதிக்கொண்டே டேப்பை அழுத்தி ஒட்டும் மிஷின் ஒன்று கடன் போட்டு வாங்கியிருந்தார்கள். அதில் ஒரு பெண், பதினைந்து வருசம் ஓவர்லாக் ஓட்டிய கை. "ஓவர்லாக் மாதிரி இழுத்து வுட்டா டேப் சுருங்கிக்குதுங்க, மெதுவா வுட்டா துணி உருகிப் போவுது" என்றார். மிஷின் மூலையில் கருகிய துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. நான்காவது நாள்தான் கை பழகியதாம். முதல் நான்கு நாளும் முதலாளி திட்டவில்லை என்பதைத்தான் அவர் பெரிய அதிசயமாகச் சொன்னார்.

அது நிலைக்கவில்லை. எல்லாரும் அதையே தைத்தார்கள், விலை சரிந்தது, வருசக் கடைசியில் நான் மறுபடி போனபோது டேப் மிஷின் மேல் தார்ப்பாய் கிடந்தது. அந்தப் பெண் ஓவர்லாக்குக்குத் திரும்பியிருந்தார்.

இன்னொன்று, 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக ஆள் எடுத்தால் இரண்டு வருசம் பி.எஃப். பங்கை அரசு கட்டும் என்ற ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டம். 50 பேர் வரை உள்ள கம்பெனி குறைந்தது இரண்டு பேர், அதற்கு மேல் என்றால் ஐந்து பேர் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. சலுகைக்காக ஆள் எடுத்தார்களா, எடுத்த ஆளுக்குச் சலுகை வாங்கினார்களா என்று கேட்டால், நான் பார்த்தவரை இரண்டாவதுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டிலிருந்தவர்கள் டீ-சர்ட் வாங்கினார்கள், 2021-22-இல் திருப்பூர் ஏற்றுமதி 30 ஆயிரம் கோடியைத் தாண்டியது. அப்போது சலுகை இல்லாவிட்டாலும் ஆள் எடுத்திருப்பார்கள். பள்ளி பூட்டிக் கிடந்ததால் வந்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நல்லது. அதை வேலை என்று எழுத என் பேனா வரவில்லை.

சிங்காநல்லூரிலிருந்து: பிளேக் வந்தபோது கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் கட்டினார்கள். கொரோனாவுக்கு ஏன் கட்டவில்லை?

பதில்: கட்டினார்களே! 2021 மே மாதம் இருகூர் பக்கம் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்துப் பூஜை நடந்தது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான்.

தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி: தாது வருசப் பஞ்சத்தில் வெள்ளைக்காரன் மண் வெட்டச் சொல்லிக் கூலி கொடுத்தான் என்று எங்கள் அப்பாரு சொல்வார். நூறு நாள் வேலையும் அதுதானே? அதனால் எங்கள் காட்டுக்கு ஆளே வருவதில்லை.

பதில்: வேலை கொடுத்துச் சோறு போடும் யோசனை பழையதுதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 1876-78 பஞ்சத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியமும் ஒரு சின்னக் காசும் போதும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று மண் சுமந்தால் ஆள் சாவான் என்று சண்டை போட்டார். கூலி என்பது உயிர் போகாமல் இருக்க எவ்வளவு என்பதுதான் அன்றைய கணக்கு.

2020-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் கூலி 229-இலிருந்து 256 ரூபாயானது. கூடுதலாக 40,000 கோடி ஒதுக்கினார்கள். கம்பெனி மூடியதால் திருப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய பெண்கள் உங்கள் பக்கத்தில் ஏரிக்கரையில் மண்வெட்டி பிடித்தார்கள். அதே பெண் திருப்பூரிலேயே தங்கியிருந்தால் அந்த 256-உம் இல்லை, நகரத்துக்கு அப்போது அந்தத் திட்டமே கிடையாது. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி.ரங்கராஜன் தலைமையில் மாநில அரசு அமைத்த குழு 2020-இல் நகரத்துக்கும் வேண்டும் என்று சொல்லி, 2022-23-இல் மாநில அரசு 100 கோடியில் தொடங்கியது. உங்கள் காட்டுக்கு ஆள் வராததற்குக் காரணம், நூறு நாள் வேலையா, நீங்கள் தரும் கூலியா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கும் தோட்டம் இருக்கிறது, எனக்கும் ஆள் வருவதில்லை.

நாமக்கல்லிலிருந்து ஒரு மகள்: அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர், இ.எஸ்.ஐ. உண்டு. 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். அரசு 50,000 கொடுத்தது. வேறு ஏதும் உண்டா?

பதில்: உண்டு, கண்ணு. இதை யாரும் உங்களுக்குச் சொல்லாததுதான் கொடுமை. இ.எஸ்.ஐ.-யில் கொரோனா நிவாரணம் என்று ஒரு திட்டம் 2020 மார்ச் 24 முதல் நடைமுறையில் இருந்தது. நோய் உறுதியான நாளுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அப்பா பதிவில் இருந்திருக்க வேண்டும், முந்தைய ஒரு வருசத்தில் 70 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். இருந்தால் அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம். அதோடு பி.எஃப். இருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை உண்டு. அப்பாவின் இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், பரிசோதனை முடிவு, இறப்புச் சான்று நான்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு அலுவலகத்துக்கும் நேரில் போங்கள். ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். எழுதிக் கொடுத்ததற்குத் தேதி முத்திரையோடு ஒரு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

காங்கேயத்திலிருந்து: பேங்க் மேனேஜர் சம்பளம் வாங்கிய நீங்கள் அந்த ரேஷன் 4,000 ரூபாயை வாங்கினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: வாங்கினேன். எங்களுடையது அரிசி கார்டு. நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரம்மா, "நாம வாங்கலைன்னா நம்ம பேர்ல யாரு கையெழுத்துப் போடுவாங்களோ" என்று டோக்கனோடு போய்விட்டார். முதல் இரண்டாயிரத்தை எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்குக் கொடுத்தோம். இரண்டாவது இரண்டாயிரம் வீட்டுச் செலவோடு கலந்துவிட்டது. 14 சாமான் பையில் இருந்த கோதுமை மாவு நன்றாக இருந்தது.

திருப்பூரிலிருந்து, பனியன் ஜாப் ஒர்க் நடத்துபவர்: என்னிடம் 32 பேர் வேலை செய்கிறார்கள், 11 பேருக்குத்தான் பி.எஃப். 2025 ஆகஸ்ட் முதல் புது ஆள் எடுத்தால் முதலாளிக்கே மாதம் 3,000 தருகிறார்களாம். மீதி 21 பேரை இப்போது "புதிது" என்று சேர்த்தால் எனக்குக் கிடைக்குமா? எங்கள் ஆடிட்டரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

பதில்: 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரைக்கான திட்டம் அது. 3,000 என்பது 20,000-க்கு மேல் சம்பளம் கொடுத்தால். 10,000 வரை என்றால் ஆயிரம் வரைதான், 20,000 வரை என்றால் இரண்டாயிரம். 50 பேருக்குக் கீழ் உள்ள கம்பெனி இரண்டு பேராவது கூடுதலாக எடுத்து, ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். முதல் தடவை பி.எஃப்.-இல் சேரும் தொழிலாளிக்கும் 15,000 வரை இரண்டு தவணையாகக் கிடைக்கும்.

ஆனால் உங்கள் 21 பேர் புதிது இல்லையே. யார் அவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். கைமடிக்கிற பிள்ளைகள், பிசிறு வெட்டுகிற அம்மாக்கள், பண்டல் தூக்குபவர், நாலைந்து வடநாட்டுப் பையன்கள். பாதிப் பேர் ஐந்தாறு வருசமாக உங்களிடம் இருப்பவர்கள். 20 பேர் இருந்தாலே பி.எஃப். கட்டாயம், நீங்கள் பழைய பாக்கிக்காரர். இன்று சேர்ந்தார்கள் என்று எழுதினால், நாளைக்கு அதிகாரி உங்கள் சனிக்கிழமை நோட்டைக் கேட்பார். அதில் 2020 மார்ச் மூன்றாவது வாரத்துச் சம்பளம் இருக்கும், அந்தப் பழைய ஆட்களின் பெயர்களோடு. அந்த வாரத்துக்குப் பிறகு அவர்களுக்கு எடுக்க பி.எஃப். இல்லை, பாதிச் சம்பளம் கேட்க இ.எஸ்.ஐ. இல்லை. சென்னிமலை அம்மிணிக்கு வராத ஐந்நூறு இவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

எல்லாரையும் சேருங்கள், வேலைக்கு வந்த உண்மையான தேதியோடு. அதற்குப் பிறகு நிஜமாகவே இரண்டு பேரைப் புதிதாக எடுத்தால் அவர்களுக்கு மானியம் கேளுங்கள். பழைய பாக்கி எவ்வளவு வருமோ என்று பயமாக இருந்தால், என் போன் எண் இதழ் அலுவலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை வேண்டாம், உங்களுக்குச் சம்பள நாள். செவ்வாய், புதனில் சம்பள நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். அந்த ஆடிட்டரையும் கூட்டி வாருங்கள்.